ஓர்லாண்டோவில் ஒரு குவளை

பிள்ளைகளைக் காண அமெரிக்க தேசம் சென்று திரும்பும் பெற்றோர் நெடுஞ்சாலைகளைப் பற்றியும், ஆள் நடமாட்டமில்லாத தெருக்களைப் பற்றியும், பேரப்பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பற்றி. இதற்காகவா பத்திரிகையில் எழுத வேண்டும் என்று என் மனைவியே கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தக் குவளையின் நிமித்தம் என் குடும்பத்தில் நடந்த ஓர் உரையாடல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

நான் 1980இல் தூத்துக்குடிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவன். பின்பு 31 ஆண்டுகள் புறநகர் மின்ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக, இங்குள்ளோர் அழைக்கிறபடி சொன்னால் 'டி.சி.'யாகப் பணியாற்றி, 2015இல் ஓய்வு பெற்றேன். என் ஒரே மகன் ஃபுளோரிடா மாநிலத்தின் தம்பா நகரில் குடும்பத்தோடு வசிக்கிறான். 2024 பிப்ரவரியில் நாங்கள் இருவரும் அங்கே சென்றிருந்தபோது, ஒன்பது வயதுப் பேத்தியின் வெகுநாள் விருப்பத்தின்படி எங்கள் எல்லாரையும் ஓர்லாண்டோவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு இரவுகள் தங்க அழைத்துச் சென்றான்.

தம்பாவிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம். 1971 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு பூங்காவோடும் இரண்டு விடுதிகளோடும் தொடங்கிய இடம் இன்று நூறு சதுர கிலோமீட்டருக்குப் பரந்து, நான்கு பெரிய பூங்காக்களையும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட விடுதிகளையும் கொண்டிருக்கிறது. ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பேருந்தில்தான் போக வேண்டும். இடையில் காடும் சதுப்பு நிலமும் ஏரிகளுமே கண்ணில் படுகின்றன. பெரிய நகரம் ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, மரங்களுக்கு நடுவே வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது வியப்பாக இருந்தது.

நாங்கள் தங்கியது 'பாப் சென்ச்சுரி' என்னும் விடுதி. அங்குள்ள விடுதிகளில் கட்டணம் குறைந்த வகையைச் சேர்ந்தது. 2003 டிசம்பரில் திறக்கப்பட்டது, 2,880 அறைகள். இருபதாம் நூற்றாண்டின் ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை பத்தாண்டுக்கு ஒரு பகுதியாகக் கட்டிடங்களைப் பிரித்து, அந்தந்தக் காலத்து விளையாட்டுப் பொருள்களை நான்கு மாடி உயரத்திற்கு நிறுத்தியிருக்கிறார்கள். பனைமர உயரத்திற்கு யோ-யோக்கள். ஒரு வீட்டைவிடப் பெரிய வண்ணக் கனசதுரம். பந்தெறிந்து வீழ்த்தும் பௌலிங் கட்டைகளின் உருவத்திற்குள்ளே மாடிப்படிகள். நீச்சல் குளங்களில் ஒன்றுகூட அந்தக் கட்டையின் வடிவிலேதான் இருக்கிறது. என் மனைவி அண்ணாந்து பார்த்து, "இதையெல்லாம் தூசி தட்டுறது யாரு?" என்று கேட்டாள்.

விடுதிக்கு எதிரே ஓர் ஏரி. அதன்மேல் ஒரு பாலம். அக்கரையில் நூற்றாண்டின் முற்பாதியைக் காட்டும் இன்னொரு பகுதியைக் கட்டத் தொடங்கினார்களாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பிரயாணிகள் குறைந்துபோகவே, அரைகுறையாக நின்ற கட்டிடங்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு திட்டத்தை மாற்றி, 2012இல் வேறொரு பெயரில் புதிய விடுதியாகத் திறந்தார்கள். இரவில் அந்தப் பாலத்தின்மேல் நிற்பது மனதுக்கு இதமாயிருந்தது. குவளையைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அங்கேதான்.

முதல் நாள் மாலை உணவுக் கூடத்திற்குச் சென்றோம். ஒரே நேரத்தில் பலநூறு பேர் அமர்ந்து உண்ணக்கூடிய பெரிய கூடம். ஒரு பக்கச் சுவர் ஓரமாகப் பானம் வழங்கும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அருகே அடுக்கியிருந்த வண்ணக் குவளைகளைக் காட்டி என் மருமகள், "அத்தை, உங்களுக்கு ஒரு மக் வாங்கலாமா?" என்று கேட்டாள். "மக்கா? குளிக்கிற மக்குலயா இந்த ஊர்ல காப்பி குடிக்கிறாங்க?" என்றாள் என் மனைவி. பேத்திக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. அன்று முதல் நான் அதைக் குவளை என்றே சொல்லி வருகிறேன்.

கைப்பிடியும் மூடியும் உள்ள அந்தக் குவளையை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால், விடுதியில் தங்கியிருக்கும் நாள்கள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். கோக கோலா வகைப் பானங்கள், எலுமிச்சைப் பானம், காப்பி, டீ, சூடான சாக்லேட் எல்லாம் அதில் அடக்கம். டீ என்றால் வெந்நீரில் தோய்க்கும் பொட்டலம்தான். ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த நம் ஊர்த் தேநீரை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். அப்போது விலை இருபது டாலருக்குச் சற்று மேல், வரி தனி. ஒரு தடவை மட்டும் குடிப்பதற்குக் காகிதக் கோப்பையில் வாங்கினால் நான்கிலிருந்து ஐந்து டாலருக்குள் ஆயிற்று.

நான் உடனே கணக்குப் போட்டேன். ஐந்து முறை நிரப்பினால் போட்ட பணம் வந்துவிடும். ஆறாம் முறையிலிருந்து லாபம். இந்தக் கணக்கு எனக்கு வேறு ஒரு வேடத்தில் நன்றாகப் பழக்கமானது. மும்பையில் வாழும் நம் ஜனங்கள் எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிற மாதாந்தர ரயில் பாஸ்தான் அது. ஏறத்தாழ 15 தனிப் பிரயாணங்களின் கட்டணத்தைக் கொடுத்து மாதம் முழுவதும் இஷ்டம்போல் போய்வருகிறோம். குறிப்பிட்ட தேதிவரை செல்லும். குறிப்பிட்ட இடங்களுக்குள் செல்லும். ஒருவருடையதை மற்றொருவர் பயன்படுத்தக்கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளையும் காப்பதற்காகவே என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது. ஆகையால் குவளையின் விதிகளை என் மருமகள் சொல்லத் தொடங்கியதுமே எனக்கு ஆர்வம் பிறந்துவிட்டது.

முதலாவது, இடம். குவளையை டிஸ்னியின் எந்த விடுதியிலும் நிரப்பலாம். வாங்கிய விடுதியில்தான் நிரப்ப வேண்டுமென்பதில்லை. ஆனால் பூங்காக்களுக்குள் அது செல்லாது. பாப் சென்ச்சுரியிலிருந்து 2019 செப்டம்பர் முதல் 'ஸ்கைலைனர்' என்னும் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. ஏரிக்கரையில் ஏறினால் மற்றொரு விடுதியில் மாறி, எப்காட் என்னும் பூங்காவுக்குப் போய்ச் சேரலாம். இடையிலுள்ள விடுதியில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். எப்காட் வாசலைத் தாண்டினால் குவளை வெறும் சுமைதான். இதை அறியாமல் மறுநாள் காலையில் என் மனைவி அதைப் பத்திரமாகத் தோள்பையில் வைத்து எடுத்து வந்து, நாள் முழுவதும் சுமந்தாள்.

இரண்டாவது, காலம். விடுதியில் பதிவு செய்திருக்கும் நாள்களுக்கு மட்டுமே அது உயிரோடிருக்கும். அறையைக் காலி செய்கிற நாளும் கணக்கில் உண்டு. அடுத்த ஆண்டு அதே குவளையை எடுத்துச் சென்று பணம் கட்டிப் புதுப்பிக்க வழியில்லை. புதிது வாங்க வேண்டும். அதே ஓர்லாண்டோவிலுள்ள யூனிவர்சல் பூங்காக்களில் வழக்கம் வேறு. அங்கே பூங்காவுக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளும் கோப்பை உண்டு. நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி அதைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை நிரப்பியபின் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். யூனிவர்சலின் விடுதிகளிலோ இன்னொரு வகைக் குவளை; அது பூங்காவில் செல்லாது. வாங்குமுன் எந்த இடத்தில் குடிக்கப்போகிறோம் என்று விசாரித்துக்கொள்வது உத்தமம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டிஸ்னி பூங்காக்களில் பானம் விற்கும் சிறு உணவகங்களில் கேட்டால் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருகிறார்கள். தண்ணீர்ப் புட்டியையும் தின்பண்டங்களையும் நாமே எடுத்துச் செல்லவும் தடையில்லை. கண்ணாடிப் புட்டிகள் மட்டும் கூடாது. பிள்ளைகளின் பணம் வீணாகிறதே என்று தாகத்தோடு நடக்கும் தாய்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது விதியைக் காப்பதற்கு ஒரு சில்லு இருக்கிறது. நம் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை அறிவீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒன்றைக் குவளையின் அடியில் பதித்திருக்கிறார்கள். அதற்கு மின்கலம் கிடையாது. இயந்திரத்தின் மேடையில் குவளையை வைத்ததும், மேடையிலிருந்து வரும் வானொலி அலையே சில்லுக்கு உயிர் கொடுத்து அதன் எண்ணைச் சொல்ல வைக்கிறது. எண் செல்லுபடியாகுமானால் சிறு திரையில் இன்னும் எத்தனை நாள் மீதி என்று தெரிகிறது; பானம் கொட்டுகிறது. இல்லையேல் கொட்டாது. நிரப்பியபின் ஓரிரண்டு நிமிடம் கழித்தே மறுபடி நிரப்ப இயலும். ஒரே குவளையை வைத்து வரிசையாகப் பத்துக் காகிதக் கோப்பைகளை நிரப்பிவிடாதபடி இந்த ஏற்பாடு. ஐஸுக்கும் தண்ணீருக்கும் சில்லு தேவையில்லை.

2013இல்தான் இந்தச் சில்லு எல்லா விடுதிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பும் குவளை இருந்தது; தங்கும் நாள்களுக்கு மட்டுமே என்ற விதியும் இருந்தது. அதைக் காக்க ஒருவரும் இல்லை. ஓர் அறிவிப்புப் பலகை; மற்றபடி அவரவர் மனச்சாட்சி. பழைய குவளைகளை ஆண்டுக்காண்டு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து நிரப்பியவர்கள் உண்டு. இது திருட்டா இல்லையா என்று அங்கு வழக்கமாகச் செல்லும் குடும்பங்கள் பல ஆண்டுகள் வாதாடியிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது என்று ஒரு சாரார். வாங்கியது குவளையை மட்டுமே, பானத்தின் உரிமைக்குத் தேதி உண்டு என்று மறுசாரார். மும்பைவாசிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். 2013க்கு முந்தைய குவளை நம் லோக்கல் ரயில் போன்றது: வாயில் திறந்தே கிடக்கும், டி.சி. எப்போதாவது எதிர்ப்படுவார். பிந்தையது மெட்ரோ போன்றது: அட்டையை ஒற்றினால்தான் கதவு திறக்கும்.

எங்களுக்கு எத்தனை குவளை வாங்குவது என்ற கேள்வி அன்று மாலை எழுந்தது. நாங்கள் ஐந்து பேர். என் மகன் தாழ்ந்த குரலில், "ரெண்டு போதும்பா. மெஷினுக்குக் குவளையைத்தான் தெரியும். குடிக்கிறது யாருன்னு தெரியாது" என்றான். அவன் சொன்னது உண்மை. சில்லு எவ்வளவு சாமர்த்தியமாயிருந்தாலும் அதனால் வாயை எண்ண முடியாது. அங்கே விற்கப்படும் உணவுத் திட்டத்தில் ஆளுக்கொரு குவளை தருகிறார்கள் என்பதைக் கவனித்தேன். 2020இல் நின்றுபோயிருந்த அத்திட்டம் 2024 ஜனவரி 9ஆம் தேதி திரும்ப வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. ஆளுக்கொன்று என்பதே அவர்கள் எண்ணம் என்று அதிலிருந்து எனக்குத் தோன்றியது.

"ஒரு பாஸில் எத்தனை பேர் போகலாம்?" என்று கேட்டேன். என் மகன் சிரித்துவிட்டான். முடிவில், குடிக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, குடிக்காதவர்களுக்கு வேண்டாம் என்று தீர்மானித்தோம். நாள்தோறும் நான்கு வேளை டீ இல்லாமல் இருக்க முடியாத என் மனைவிக்கு ஒன்று. என் மகனுக்கு ஒன்று. சூடான சாக்லேட்டுக்காகப் பேத்திக்கு ஒன்று. மருமகளும் நானும் அறையிலிருந்த சிறு இயந்திரத்தில் போட்ட காப்பியோடு நிறுத்திக்கொண்டோம். பேத்தி தன் குவளையை வைத்து, திரையில் தோன்றிய எண்ணை உரக்க வாசித்தாள். மறுநாள் அது ஒன்று குறைந்ததைக் கண்டு முகம் வாடினாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் என் மனைவியும் நானும் ஏரியைச் சுற்றி நடக்கப் போனோம். பிப்ரவரியில் அங்கே காலைக் குளிர் சற்றுக் கடுமை. உணவுக் கூடத்தில் டீ நிரப்பிக்கொண்டு வந்தவள், "ஒரு வாய் குடிங்க" என்று நீட்டினாள். குடித்தேன். கணவனும் மனைவியும் ஒரே பாஸில் போகலாமா என்று எந்தப் பயணியும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அந்த ஒரு வாயை மறைக்க மனமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அன்று மாலை காரிலிருந்து பேத்தியின் சட்டையை எடுத்து வரச் சென்றபோது, பின்பெட்டியில் ஒரு பழைய குவளையைக் கண்டேன். அதே உருவம், நிறம் மங்கியிருந்தது. உள்ளே வண்ணப் பென்சில்கள். இரவில் எல்லாரும் உறங்கியபின் என் மகனும் நானும் பாலத்தின்மேல் நின்றிருந்தோம். தண்ணீரில் விடுதி விளக்குகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தக் குவளையைப் பற்றிக் கேட்டேன்.

அவன் 2010இல் மேற்படிப்புக்காக ஃபுளோரிடாவுக்கு வந்தவன். 2011இல் நான்கு நண்பர்களோடு இங்குள்ள ஒரு மலிவு விடுதியில் ஒரே அறையில் தங்கியபோது அதை வாங்கினானாம். 2012இல் மறுபடி வந்தபோது அதையே எடுத்து வந்திருக்கிறான். சில்லு இல்லாத காலம். "மூணு நாளும் அதுலதான் குடிச்சேன்பா. கையில காசு ரொம்பக் கம்மி. போர்டு இருந்துச்சு. வாசிச்சுட்டுத்தான் நிரப்பினேன்" என்றான். 2014இல் கலியாணமான புதிதில் மனைவியோடு வந்தபோதும் அதை எடுத்து வந்தான். இயந்திரத்தில் ஐஸ் விழுந்தது, பானம் விழவில்லை. புது மனைவியின் முன்னால் சற்று வெட்கமாய்ப் போயிற்று என்றான்.

நான் மௌனமாக இருந்தேன். "அவங்களுக்கு என்னப்பா நஷ்டம்? எல்லாம் தண்ணிதானே" என்றான் அவன். அது ஏறக்குறைய உண்மைதான். அந்த இயந்திரத்திலிருந்து வருவது ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு என்ற அளவில் வாயு ஏற்றிய தண்ணீர் கலந்தது. ஒரு குவளைக்கு அவர்களுக்கு ஆகும் செலவு அற்பம். ஆனால் இந்த வாதத்தை 31 ஆண்டுகள் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கேட்டவன் நான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் சொல்லுவார்கள்: "வண்டி எப்படியும் போகத்தானே போகுது சார், நான் ஒருத்தன் ஏறினதால என்ன நஷ்டம்?" அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: இந்த வண்டி ஓடுவது உங்களுக்குப் பக்கத்தில் பாஸோடு நிற்பவருடைய காசில். அதை அவனிடமும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் சீருடை அணிந்த குரலாக மாறிவிட்டதை உணர்ந்தேன்.

அவன் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா, நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள் சாப்பிடுறப்ப ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

1996ஆம் ஆண்டு மழைக்காலம். எங்கள் சபையின் மூத்த விசுவாசி ஒருவர், ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்கிறவர், என் பரிசோதனையில் எதிர்ப்பட்டார். அவருடைய பாஸ் காலாவதியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் தேதியைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு வீட்டில் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று சொல்லிச் சிரித்தேன். இவ்வளவும் எனக்கு நினைவிருந்தது.

"அதே நாள்ல ஒரு காலேஜ் பையன்கிட்ட ஃபைன் வாங்கினதையும் சொன்னீங்கப்பா. அவன் பாஸ் முடிஞ்சு ஒரே நாள்தான் ஆகியிருந்துச்சுன்னு" என்றான் என் மகன்.

அதை நான் அடியோடு மறந்திருந்தேன். அவன் குற்றப்படுத்தும் குரலில் சொல்லவில்லை. பத்து வயதில் கேட்டதை இருபத்தெட்டு ஆண்டுகள் வைத்திருந்து, அந்நிய தேசத்துப் பாலமொன்றில் இறக்கி வைத்தான், அவ்வளவுதான். "2012ல அந்தக் குவளையை எடுத்தப்ப உங்களைத்தான் நினைச்சேன்" என்றும் சொன்னான். எந்த நானை நினைத்தான், அபராதம் வாங்கியவனையா, மடித்துக் கொடுத்தவனையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த மூத்த சகோதரர் இன்று உயிரோடில்லை. அந்த மாணவன் யாரென்றும் தெரியாது; இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். அவனிடம் வாங்கிய தொகைக்கு ரசீது கொடுத்திருப்பேன். அதில் தவறு ஒன்றும் இராது. சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டேன் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

இந்தச் சில்லைப் பற்றி அங்கு வழக்கமாகச் செல்பவர்களில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. நம்மை நம்பாமல் இயந்திரத்தை வைத்துவிட்டார்களே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மேடை எல்லாக் குவளையையும் ஒரே விதமாகப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது யாருடைய முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. பரிசோதகனாக இருந்த காலத்தில் இதை ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் என் வேலைக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பேன். அன்றிரவு சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அது பிடிப்பது தேதி கடந்த குவளையை மட்டும்தான். என் மனைவி நீட்டிய அந்த ஒரு வாய் அதற்குத் தெரியாது.

நாங்கள் அறைக்குத் திரும்பியபோது நள்ளிரவு கடந்துவிட்டது. உணவுக் கூடத்தின் வழியாக வந்தோம். தன் குவளையில் சூடான சாக்லேட் பிடிக்கப் போன என் மகன், நின்று என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது வேணுமாப்பா?" என்று கேட்டான். "தண்ணீர் போதும்" என்றேன். காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் பேத்தி எல்லாருக்கும் முன்னே ஓடி இயந்திரத்தருகே நின்றாள். இதுவே கடைசி நாள் என்று திரை காட்டியது. மூன்று குவளைகளையும் கழுவி, மூன்றையும் நிரப்பி, மூடி போட்டுக் காரில் ஏற்றினோம். தம்பா போய்ச் சேரும்வரை என் மனைவியின் டீ சூடாகவே இருந்ததாக அவள் இன்றும் சொல்லுகிறாள், நான் நம்பவில்லை. அவளுடைய குவளை இப்போது மும்பையில் எங்கள் சமையலறையில் இருக்கிறது. அரிசி அளக்கிறாள். பழைய குவளை என் மகனின் காரிலேயே, பென்சில்களோடு இருக்கிறது. எறிந்துவிடவா என்று புறப்படும் நாளில் அவன் கேட்டான். பிள்ளைக்குப் பென்சில் வைக்க வேறு டப்பா இல்லையே, இருக்கட்டும் என்றேன்.